நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்தார்

எபேசியர் 2:15 சொல்லும் ‘ஒரே புதிய மனுஷன்’ மனந்திரும்பிய ஒவ்வொருவரையும் குறிக்கிறதா?

பிரசங்கங்களில் அப்படிக் கேட்டுப் பழகிவிட்டோம். வசனம் பேசுவது இரண்டு கூட்டங்களைப் பற்றி: யூதரும் புறஜாதியாரும் (யூதரல்லாதவர்கள்) கிறிஸ்துவுக்குள் ஒரே மனிதகுலமாவது. முந்தின வசனத்தின் ‘நடுச்சுவர்’ வெறும் உவமை போலத் தோன்றும். ஆனால் எருசலேம் ஆலயத்தில் மூன்று முழ உயரத்துக்கு ஒரு கல்தடுப்பு இருந்தது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அதைத் தாண்டும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் பொறித்த எச்சரிக்கைக் கல் 1871-இல் கிடைத்தது; இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துரோப்பீமு என்ற புறஜாதிக்காரரை ஆலயத்துக்குள் கூட்டிப்போனார் என்று நினைத்துத்தான் கூட்டம் பவுலை அடித்தது (அப்போஸ்தலர் 21). அந்தத் துரோப்பீமு எந்த ஊர்க்காரர்? எபேசு! எபேசியர் நிருபத்தை எழுதியவர் பவுலா, அவருடைய மாணவரா என்ற விவாதம் ஓயவில்லை. யாராக இருந்தாலும் அந்தத் தடுப்பு அவர் மனதில் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அப்படியானால் யூதர், யூதராக இருக்கக் கூடாதா?

அன்று எழுந்த சண்டை நேர் எதிரானது. சேர வரும் புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டு முதலில் யூதராக வேண்டுமா? ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் கூடிய சபைத் தலைவர்கள் வேண்டாம் என்றார்கள். யூத விசுவாசிகள் தங்கள் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று அங்கே தீர்மானிக்கவில்லை. சிக்கல் சாப்பாட்டில் வந்தது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு நழுவினார். எல்லார் முன்னாலும் பவுல் அவரைக் கண்டித்தார் (கலாத்தியர் 2). பேச்சில் ஒன்றாக இருந்துவிட்டு இலை போடும்போது பிரிவதை அவரால் ஏற்க முடியவில்லை.

கொலோசெயர் 3:11-இல் ‘புறதேசத்தான்’ யார்?

மூலத்தில் இருப்பது சீத்தியன். கருங்கடலுக்கு வடக்கே குதிரையேறித் திரிந்த மக்கள். காட்டுமிருகங்களைவிடக் கொஞ்சம்தான் மேல் என்பது யோசேப்பஸ் அவர்களைப் பற்றிச் சொன்னது. கிரேக்கர், யூதர் இரு தரப்பும் இளக்காரமாகப் பார்த்த பெயர். கிரேக்கன், யூதன், அடிமை, சுயாதீனன் என்ற வேறுபாடு இல்லை என்று சொல்லும் அந்த வசனத்தின் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறார்கள்.

அடிமைகளும் உள்ளே என்றால், அடிமைமுறையை ஏன் எதிர்க்கவில்லை?

நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன். ஒநேசிமு என்ற அடிமையை அடிமைக்கும் மேலான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி, அவனுடைய எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதினார். புதிய மனுஷனைப் பேசும் அதே எபேசியர் நிருபமோ, 6-ஆம் அதிகாரத்தில் எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. சபைக்குள் நிலைமை சற்று வேறு: ஏறத்தாழ 112-இல் பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி சித்திரவதை செய்து விசாரித்த இரண்டு அடிமைப் பெண்கள், கிறிஸ்தவர்களிடையே ஊழியக்காரிகள். அடிமைமுறையையே நேரடியாகத் தாக்கிய பிரசங்கத்துக்கு 4-ஆம் நூற்றாண்டின் ஆயர் நீசா கிரெகோரி வரை காத்திருக்க வேண்டும்.

அப்போஸ்தலர் 8-இல் வரும் எத்தியோப்பிய மந்திரி ஏற்கனவே ஆலயத்துக்குப் போய்வந்தவர்தானே? அவர் கதையில் என்ன புதுமை?

‘மந்திரி’ பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் நாசூக்கு. கிரேக்கத்தில் அவர் அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்டவர். உபாகமம் 23:1 அப்படிப்பட்டவரைக் கர்த்தருடைய சபைக்கு வெளியே நிறுத்துகிறது. ஏசாயா 56 அவருக்கு இடம் உண்டு என்கிறது. அவர் கையில் இருந்ததும் ஏசாயாதான், மூன்று அதிகாரங்களுக்கு முன்னால். “நான் ஞானஸ்நானம் பெறத் தடையென்ன?” என்று அவர் கேட்டதை இதோடு சேர்த்துப் படியுங்கள். ரதத்தை நிறுத்தி, அவருக்கு வேதத்தை விளக்கிய பிலிப்புவும் அவருமாகத் தண்ணீரில் இறங்கினார்கள்.