வைட்டமின் ஏ கூடினால் சிசுவின் அண்ணம் ஏன் பிளவுபடுகிறது?

கண்ணுக்கு நல்லதான வைட்டமின் ஏ, கருவின் அண்ணத்தை, அதாவது வாயின் மேற்கூரையை, எப்படிக் கெடுக்கும் என்கிறீர்கள். அளவும் நாளும்தான் காரணம்.

அண்ணம் இரு தட்டுகளாக நாக்கின் பக்கவாட்டில் தொங்கத் தொடங்கி, மேலெழுந்து படுத்து, 12ஆம் வாரவாக்கில் நடுவில் ஒட்டிவிடும். ஒட்டும் விளிம்பை மூடியிருக்கும் மேற்பரப்புச் செல்கள் மறைந்தாக வேண்டும். அதை நடத்துவது டிஜிஎஃப்-பீட்டா 3 என்ற வளர்ச்சிக் காரணி (செல்களுக்குச் சேதி சொல்லும் புரதம்). அது இல்லாத எலிகள் அண்ணப்பிளவோடு பிறக்கின்றன. இஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி நேரெதிர், அச்செல்களைச் சாகவிடாது.

உடலில் வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் மிகுந்தால் இந்தக் கணக்கு குலையும். சுண்டெலிக் கருவில் அது 10ஆம் நாள் மிகுந்தால் தட்டுகள் குட்டையாகி ஒன்றையொன்று தொடுவதேயில்லை. 12ஆம் நாள் என்றாலோ தொடும், ஆனால் ஒட்டாது. விளிம்புச் செல்கள் மறையாமல் வாய்த்தோல் போலத் தடித்துவிடும். எனக்கு வியப்பூட்டுவது இந்த இரண்டு நாள் வித்தியாசம்தான்.

முகப்பருவுக்கான, வைட்டமின் ஏ வகை மருந்தான ஐசோட்ரெட்டினாயினைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கேரட்டுக்குப் பயம் வேண்டாம். அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் தேவைக்கேற்பவே மாற்றிக்கொள்ளும்.