கூத்து வீடியோவைக் குழுவில் போடுவதற்கு முன்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம், வேலை பெங்களூரில். வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துக் கூத்து ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். ஊரில் மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் பாரதத் திருவிழாவுக்குப் போனபோது, கர்ண மோட்சக் கூத்தில் கட்டியங்காரன் (கதையை நடத்திச் சிரிக்க வைக்கும் கோமாளி) பேசியதை ஒரு நிமிடத் துண்டாக வெட்டிக் குழுவில் போட்டேன். யாரோ அதை எடுத்து முகநூலில் போட்டுவிட்டார்கள். அங்கே அவரைக் கண்டபடி திட்டுகிறார்கள். குழுவுக்குள்ளும் இரண்டு ஜமாக்களின் (கூத்துக் குழுக்களின்) ரசிகர்கள் மோதிக்கொள்கிறார்கள். விலகிவிடலாமா? இருந்தால் எப்படி நடந்துகொள்வது?

பதில்: விலக வேண்டாம், தம்பி. ஊரைவிட்டு வெளியே இருந்தும் கூத்தை விடாத உங்களைப் போன்றவர்களால்தான் இந்தக் குழுக்கள் நடக்கின்றன. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் போடுவதை எல்லாம் கூத்தாடுகிறவர்களும் பார்க்கிறார்கள். விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த ஊருக்கு வேனில் போகும்போது அவர்கள் கையிலும் போன்தான் இருக்கிறது. நல்ல ரசிகர் என்றால், தான் போடுகிற பதிவால் அந்த வேனில் இருப்பவருக்கு நல்லது நடக்குமா என்று பார்த்துவிட்டுப் போடுகிறவர்.

முதலில் அந்தத் துண்டு வீடியோ. கூத்தில் கட்டியங்காரனுக்கு மட்டும்தான் பாரதக் கதைக்குள்ளும் நம் ஊருக்குள்ளும் ஒரே நேரத்தில் நிற்கிற உரிமை உண்டு. கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடுவே தூது போய்க்கொண்டே, ஊர்த் தலைவரையும் வராத பஸ்ஸையும் கிண்டல் செய்வார். ராத்திரி ரெண்டு மணிக்கு, பாயில் குந்தியிருக்கும் சனத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சு அது. கிண்டலுக்கு ஆளானவரும் அங்கேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். முன்னும் பின்னும் வெட்டி ஒரு நிமிடமாக வெளியே அனுப்பினால், கேட்கிறவனுக்கு வசை மட்டும்தான் காதில் விழும். அதனால் கட்டியங்காரன் பேச்சைத் துண்டாக்கிப் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டு, விருத்தம் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்), திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வெளிவரும் இடம், இவற்றைத் துண்டாகப் போட்டாலும் பொருள் கெடாது.

அடுத்தது அனுமதி. கோயில் திடலில், எல்லோரும் பார்க்க நடந்ததுதானே என்று பலர் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை இருக்கிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர் மட்டுமல்ல, பாம்பாட்டியைக்கூட அந்தச் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கூத்தாடுகிறவரும் அதில் அடக்கம். இந்த உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். 2012 திருத்தத்தில், இதை நிகழ்த்தியவர் இவர் என்று பெயர் சொல்லக் கேட்கிற உரிமையும், பெயருக்குக் களங்கம் வருகிற மாதிரி திரிப்பதைத் தடுக்கிற உரிமையும் வந்தன. நீங்கள் பார்க்கவும், படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பதிவு செய்துகொள்வதில் தப்பில்லை. ஊருக்கெல்லாம் அனுப்புவதென்றால் ஜமாவை நடத்துகிற வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கூத்து தொடங்குமுன் வேஷம் கட்டுகிற இடத்துக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். 'லைவ் மட்டும் வேண்டாம், முழு ராத்திரியையும் போடாதீங்க' என்பார் ஒருவர். அவர் பிழைப்பு அது, அப்படியே கேளுங்கள்.

பாரதப் போரின் முடிவை நடத்திக் காட்டும் படுகளம் அன்றைக்கு இன்னும் கவனம் வேண்டும். மண்ணில் செய்து படுக்கவைத்த துரியோதனன் முன்னால் திரௌபதி கூந்தல் முடிக்கும்போது, கூட்டத்தில் பலருக்கு ஆவேசம் வரும். அவர்கள் வேஷக்காரர்கள் அல்லர், ஊர்ப் பெண்கள். அந்த முகங்களைப் படம் பிடிக்காதீர்கள், யாராவது குழுவில் போட்டால் எடுக்கச் சொல்லுங்கள்.

பதிவு போடும்போது ஜமாவின் பெயர், வாத்தியார் பெயர், வேஷம் கட்டியவர், பின்பாட்டு, மிருதங்கம், முகவீணை (சின்ன நாதஸ்வரம் போன்ற ஊதுகருவி) யார் என்று எழுதுங்கள். முகவீணைக்காரர் பெயரைப் பெரும்பாலும் யாருமே எழுதுவதில்லை, அது எனக்கு மிகவும் வருத்தம். ஊர், தேதி, எந்த நாள் கூத்து என்பதும் வேண்டும். 1989 வரை ஒரே வட ஆற்காடாக இருந்த பகுதி இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு மாவட்டம். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன, அதனால் தாலுக்காவையும் சேர்த்து எழுதுங்கள். இதைப் பார்த்து வேறு ஊர்க்காரர் அந்த ஜமாவுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தேடி வரலாம்.

ஜமாச் சண்டைக்கு வருவோம். இந்த வருஷம் ஒரு ஜமாவில் கர்ணன் கட்டுகிறவர் அடுத்த வருஷம் வேறு ஜமாவில் இருக்கலாம். ரசிகர்கள் இங்கே அடித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் அங்கே ஒரே கூத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆளை ஒப்பிடாமல், கூத்தில் வரும் ஒரு இடத்தை எடுத்து ஒப்பிடுங்கள். 'எங்க கர்ணன் முன்னாடி இவரெல்லாம்' என்று ஒருவர் எழுதினால், பொன்னுருவியிடம் விடைபெறும் விருத்தத்தை அவர் எப்படிப் பாடுவார், இவர் எப்படிப் பாடினார் என்று கேளுங்கள். கூத்து தெரிந்தவர் பதில் சொல்வார், பேச்சும் நல்ல பேச்சாகிவிடும். தெரியாதவர் அடங்கிவிடுவார். பெண் வேஷம் கட்டுகிறவரை உடம்பை வைத்தோ, யாரையும் சாதியை வைத்தோ பேசினால் மட்டும் விவாதமே வேண்டாம். அட்மினிடம் சொல்லி அந்தப் பதிவை அப்போதே எடுக்க வையுங்கள். புதிதாக வந்தவர் 'பகடை துகில் என்றால் என்ன?' என்று கேட்டால், சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும் வரும் கூத்து என்று சிரிக்காமல் பதில் எழுதுங்கள். அடுத்த பங்குனியில் திடலுக்கு வரப்போகிறவர் அவர்.

இப்போது செய்ய வேண்டியது. குழுவில் உங்கள் பதிவை நீக்குங்கள், உங்களால் முடியாவிட்டால் அட்மினிடம் கேளுங்கள். அந்தக் கட்டியங்காரரை போனில் கூப்பிட்டு, போட்டது நான்தான் என்று நீங்களே சொல்லுங்கள். வேறு யார் மூலமாகவும் அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. முகநூலில் இருப்பதை எடுக்க, உரிமைக்காரர் அல்லது அவர் ஒப்புதல் கொடுத்தவர்தான் புகார் கொடுக்க முடியும். அந்தப் படிவத்தை நிரப்ப அவருக்குச் சிரமமாக இருக்கலாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். அவசரமென்றால் அவர் ஒப்புதலை வாங்கிக்கொண்டு இன்றைக்கே நீங்களே அனுப்பலாம்.