வாசகர் கேள்வி பதில்: றிம் மாற்றமுன் அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் (இசட்.சி.32.எஸ்) இருக்கிறது. 17 அங்குலம், 7.5 அகலம், ஈ.ரி. 38 என்று பொறித்த பாவித்த யப்பான் அலோய் றிம் ஒரு செற் கிடைக்கிறது. பி.சி.டி. 5×114.3, அது பொருந்துகிறது. வாங்கலாமா? ஏ9 வீதியில் மட்டுமல்ல, வீட்டுக்குப் போகும் கிரவல் ரோட்டிலும் ஓட வேண்டும்.
— வாசகர், பரந்தன்

பதில்: வேண்டாம். பி.சி.டி. என்பது போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும். அது பொருந்தினால் றிம் பூட்டுப்படும், அவ்வளவுதான். காரில் அது எந்த இடத்தில் நிற்கும் என்பதை ஈ.ரி. எண்தான் சொல்லும். றிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (காரில் சில்லு பூட்டப்படும் மையப் பாகம்) ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதே ஈ.ரி. ஆகும். இந்த எண் குறையக் குறைய சில்லு வெளியே வரும்.

உங்கள் காரின் கம்பனி றிம் 17×6.5, ஈ.ரி. 50. அகலத்தில் பாதி 82.5 மிமீ. அதில் 50ஐக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து வெளி ஓரம் 32.5 மிமீ தள்ளி நிற்கிறது. 7.5 அங்குல றிம்மில் பாதி 95.2, 38 போக 57.2. அதாவது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 25 மிமீ வெளியே வரும். ஒரு அங்குலம்! வளைவில் பாரத்தோடு அமுங்கும்போது ரயர் மட்கார்ட் விளிம்பில் உரசும். பெயரிங்கில் விழும் பாரம் கூடும். கிடங்கில் விழும் ஒவ்வொரு தடவையும் ஸ்ரியரிங் கையை இழுக்கும். முன்சில்லு வாரி இறைக்கும் கிரவல் கல் கதவின் கீழ்ப் பெயின்ரைத் தின்னும்.

7 அகலம், ஈ.ரி. 45 கிடைத்தால் வெளியே சுமார் 11 மிமீ, உள்ளே ஒன்றரை மிமீக்கும் குறைவுதான் நகரும். அதுவே இந்தக் காருக்கு அழகான, அடக்கமான அளவு.

விட்டத்தையும் யோசியுங்கள். உங்கள் 195/45ஆர்17 ரயரின் பக்கச்சுவர் 88 மிமீதான். 16 அங்குல றிம்மில் 205/50ஆர்16 போட்டால் அது 102 மிமீ ஆகும். முழு ரயரின் விட்டமோ 607இலிருந்து 611 மிமீக்குத்தான் போகும், ஸ்பீடோமீற்றர் காட்டுவதில் ஒரு வீதம்கூட மாறாது. வன்னியின் உள்வீதிகளுக்கு அந்த 14 மிமீ ரப்பர் பெரிய காப்பு. கிடங்கின் கூர்விளிம்பில் ரயர் நசுங்கி றிம்மில் இடிப்பதால்தான் றிம் நெளிகிறது, பக்கச்சுவர் உள்ளே நூல் அறுந்து முட்டை போல வீங்குகிறது. 18 அங்குலம் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். இந்த ரோட்டில் அதன் ஆயுள் குறைவு. எங்கள் தெரிவு 16தான்.

வாங்கமுன் பழைய சில்லைக் கழற்றி, புது றிம்மை ரயர் இல்லாமல் ஹப்பில் வைத்துப் பாருங்கள். பிறேக் கலிப்பருக்கும் றிம்முக்கும் இடையில் குறைந்தது 3 மிமீ வேண்டும். கலிப்பரில் களிமண் உருண்டை ஒட்டி, கையால் சில்லைச் சுற்றினால் இடைவெளி மண்ணிலேயே பதிந்துவிடும். ரயர் போட்டபின் ஸ்ரியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பின்னால் இரண்டு நெல் மூட்டையை ஏற்றிவிட்டு மட்கார்ட் இடைவெளியை இன்னொரு தடவை பாருங்கள். வெறும் காரில் உரசாதது பாரத்தில் உரசும்.

கேள்வி: சுபாறு இம்பிறேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ் (ஜி.டி.ஏ). புது றிம் பூட்டியதிலிருந்து வேகம் 65ஐத் தாண்டினால் ஸ்ரியரிங் நடுங்குகிறது. இரண்டு தடவை பலன்ஸ் பண்ணியும் போகவில்லை.
— வாசகர், மாங்குளம்

பதில்: பலன்ஸ் இயந்திரம் றிம்மின் நடுத்துளையைக் கூம்பால் பிடித்து மையப்படுத்துகிறது. உங்கள் காரில் அந்தத் துளையைப் பிடிக்க எதுவும் இல்லை என்றே நினைக்கிறோம். இந்த இம்பிறேசாவின் ஹப் 56.1 மிமீ. பல கார்களுக்கும் பொருந்தவென்று செய்யப்படும் றிம்களின் துளை பெரும்பாலும் 73.1 மிமீ. விட்டத்திலுள்ள 17 மிமீ வித்தியாசத்தை நிரப்ப ஹப் வளையம் போட வேண்டும். றிம்மின் பின்பக்கத் துளையை வேணியர் கலிப்பரால் அளந்து, 73.1–56.1 என்று பொறித்த வளையம் நான்கு வாங்குங்கள். பிளாஸ்ரிக் மலிவு, கடுமையாகப் பிறேக் பிடித்து ஓடுபவரென்றால் சூட்டில் இளகாத அலுமினியமே நல்லது.

பூட்டமுன் ஹப் முகத்துத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுங்கள். அரை மிமீ துருக்கட்டிகூட றிம்மைச் சரித்துவிடும். நட்டுகளை முதலில் கையால் திருகுங்கள். இந்தக் காரின் புரி எம்12×1.25 (12 மிமீ போல்ட், புரி இடைவெளி 1.25 மிமீ). 1.5 புரி நட்டை, நட்டு இறுக்கும் துப்பாக்கியால் அடித்து ஏற்றினால் போல்ட் புரி போய்விடும். கையால் குறைந்தது பத்துச் சுற்று ஏற வேண்டும்.

பி.சி.டி. பொருந்துகிறதென்று ரொயோட்டாவின் 5×100 றிம்மை யாராவது காட்டினால் கவனம். அதன் துளை பெரும்பாலும் 54.1, அப்படியென்றால் உங்கள் ஹப்பில் இறங்கவே இறங்காது.

மாரியில் கிரவல் ரோட்டில் ஓடியபின் மட்டும் நடுக்கம் வந்தால் காரணம் வேறு. றிம்மின் உட்பக்கத்தில் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். உள்ளே கைவிட்டு முழுக்கக் கழுவுங்கள். பலன்ஸுக்காக ஒட்டிய ஈயக்கட்டி கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஹொண்டா சிவிக் எஸ்.ஐ.ஆர். (ஈ.கே.4). கடை றிம்மைக் கம்பனி நட்டுகளாலேயே பூட்டினேன். வாரத்துக்கு ஒரு தடவை நட்டு இளகுகிறது. இன்னும் கடுமையாக இறுக்கலாமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இறுக்கி இது தீராது. இன்றே அந்த நட்டுகளைக் கழற்றுங்கள். ஹொண்டாவின் சொந்த நட்டின் அடி பந்து போல உருண்டது. கடை றிம்களின் நட்டுத்துளையோ பெரும்பாலும் 60 பாகை கூம்பு. உருண்டை கூம்பில் உட்கார்ந்தால் மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும். ஓட்டத்தில் அந்தக் கோடு நசுங்க, இறுக்கம் போய்விடுகிறது. துளை நீள்வட்டமாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அந்த றிம்மை இனிப் பாவிக்கக்கூடாது. நல்லதென்றால் எம்12×1.5 கூம்பு நட்டு 16 வாங்கி, எதிர் எதிராக மாற்றி மாற்றி 108 நியூட்டன் மீற்றர் இறுக்கத்துக்கு ரோர்க் றெஞ்சால் இறுக்குங்கள். புரியில் கிறீஸ் பூச வேண்டாம். பூசினால் அதே எண்ணில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். சுமார் 100 கிலோமீற்றர் ஓடியபின், றிம் ஆறிய பிறகு, மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: பென்ஸ் காரின் 5×112 றிம்மை லான்சர் எவோவின் 5×114.3 ஹப்பில் பூட்டலாம் என்கிறார்களே?
— வாசகர், வவுனியா

பதில்: கூடாது. ஒவ்வொரு போல்டும் 1.2 மிமீ வளைந்துதான் துளைக்குள் போகும். வளைந்த போல்ட் ஒருநாள் முறியும். எவோவின் ஹப் 67.1, பென்ஸ் றிம்மின் துளை 66.6. அது ஹப்பில் இறங்காமலே நிற்கும்.

கேள்வி: கிடங்கில் அடித்து றிம்மின் உள்விளிம்பு நெளிந்துவிட்டது. மெல்லக் காற்றுப் போகிறது. தட்டி எடுக்கலாமா?
— வாசகர், முல்லைத்தீவு

பதில்: சிறு நெளிவு என்றால், வெடிப்பு இல்லையென்று உறுதியானபின், அதற்கான அமுக்கி வைத்திருக்கும் இடத்தில் நேராக்கலாம். சுத்தியலால் அடிக்க விடாதீர்கள்; வார்ப்பு அலுமினியம் வெடிக்கும். பெயின்ரைச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீர் பூசி, காற்றடித்துப் பாருங்கள். குமிழி ரயரும் றிம்மும் சேரும் விளிம்பில் வந்தால் நெளிவு, உலோகத்தின் நடுவிலிருந்து வந்தால் வெடிப்பு. வெடித்த றிம்மை வெல்டிங் பிடிக்காமல் பழைய இரும்புக்குப் போடுங்கள். மாற்று வாங்கும்போது ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற யப்பான் தர முத்திரைகள் வார்ப்பில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.