இலக்கு யாருக்கு?

வணக்கம். என் அம்மாவுக்கு 81 வயது. பல வருடமாகச் சர்க்கரை. மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.8 என்று வந்ததும், "ஏழுக்குக் கீழே இருக்கணும், அதுதான் கைட்லைன்" என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். அப்புறம் இரண்டு முறை விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி மயங்கினார். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் டாக்டர் எதற்கு?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் நியாயம்தான். ஆனால் கைட்லைனைத் திட்டாதீர்கள், அது உங்கள் அம்மா பக்கம்தான் இருக்கிறது. வயதானவர்கள், தாழ்சர்க்கரை (சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) வந்தவர்கள், வேறு நோய்கள் உள்ளவர்களுக்கு இலக்கை 8 வரை தளர்த்தலாம் என்று அதிலேயே இருக்கிறது. பலரும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தத் தளர்வுக்குப் பின்னால் ஆய்வுகள் உண்டு. 'அக்கார்ட்' ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சராசரியை 6-க்குக் கீழே இறக்கப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் 2008-ல் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், தன்னிடம் வரும் நோயாளிகளை மட்டும் வைத்து ஒரு டாக்டர் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

வார்ஃபரினைப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. ஒருவருக்கு 2 மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு 10 வேண்டியிருக்கும். மரபணு, சாப்பாடு, கூடச் சாப்பிடும் மருந்து எல்லாம் அதை மாற்றும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் எண்ணைப் பார்த்து, பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கும்படி டோஸை வைப்பார்கள். முன்பு ஒரே ரத்தத்துக்கு லேபுக்கு ஒரு எண் வந்தது, அவரவர் பயன்படுத்திய ரசாயனம் வேறு. 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர் என்ற பொதுக் கணக்கைக் கொண்டுவந்த பிறகுதான் ஒரு லேப் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடிந்தது. ஆளுக்கேற்ற டோஸுக்கு, எல்லோருக்கும் பொதுவான அளவை தேவைப்பட்டது.

அறுவை அரங்கில் கதை வேறு. சரியான ஆள்தானா, சரியான பக்கம்தானா என்று கத்தி வைக்கும் முன் சரிபார்ப்பதில் எந்த டாக்டரின் தனித்திறமைக்கும் இடம் வேண்டாம். யாராயிருந்தாலும் கேட்டே ஆக வேண்டும்.

சரி, அம்மா விஷயம். தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். மயங்கிய நேரம், முந்தைய இரவு சாப்பிட்டது, அப்போது சர்க்கரை பார்த்திருந்தால் அந்த அளவு, எல்லாவற்றையும் எழுதி எடுத்துப்போங்கள். "இவங்களுக்கு எவ்வளவு இருந்தா போதும், ஏன்?" என்று கேளுங்கள். பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு டாக்டர் பார்த்தால் மறுபடி ஏழு என்று ஆரம்பிக்க மாட்டார்.