டிரம்ப்பை டிசாண்டிஸ் எதிர்த்தது தவறா? – கேள்வி பதில்

கேள்வி: 2022-இல் ஃபுளோரிடாவில் அமோகமாக வென்ற ரான் டிசாண்டிஸ், அடுத்த ஆண்டே குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்காக டொனால்டு டிரம்ப்பை எதிர்த்துக் களமிறங்கித் தம் எதிர்காலத்தைக் கெடுத்துக்கொண்டார் என்கிறார்கள். அவர் எதிர்த்திருக்கவே கூடாதா, ஐயா?

பதில்: எதிர்த்தது தவறன்று, எதற்காக எதிர்க்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் எதிர்த்ததே தவறு என்பது என் உறுதியான கருத்து. 2018 ஆளுநர் தேர்தலில் (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், நம் முதல்வருக்கு நிகரான பதவியாளர்) கட்சிக்குள் பின்தங்கியிருந்த அவரை முன்னுக்குக் கொண்டுவந்தது டிரம்ப்பின் ஆதரவுதான். தம் குழந்தையோடு பொம்மைக் கட்டைகளை அடுக்கி டிரம்ப்பின் முழக்கமான எல்லைச் சுவரை எழுப்புவதுபோல் ஒரு விளம்பரத்தில்கூட அவர் நடித்தார். அந்தத் தேர்தலில் ஏறத்தாழ 32,000 வாக்குகளில் தப்பிப் பிழைத்தவர், 2022-இல் 19 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றபோது, இனி யார் தயவும் தேவையில்லை என்று பலரும் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் 2023 மே மாதம் களமிறங்கியபின், டிரம்ப்பின் கொள்கைகளையே தாம் இன்னும் திறம்பட நிறைவேற்றுவேன் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரமாக இருந்தது. அசல் ஆளே எதிரில் போட்டியிடும்போது நகலுக்கு ஏன் வாக்களிக்க வேண்டும் என்று தொண்டர் நினைப்பார் அல்லவா? 2020 தேர்தலில் டிரம்ப் தோற்றார் என்பதை அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னதே 2023 ஆகஸ்டில்தான். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு முதலில் நடந்த அயோவா மாநிலத்தின் 99 மாவட்டங்களுக்கும் நேரில் சென்ற உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் 2024 ஜனவரி 15-இல் அங்கே நடந்த வாக்கெடுப்பில் டிரம்ப் 51 சதவீதமும் இவர் 21 சதவீதமும் பெற்றனர். ஆறே நாளில் விலகி, டிரம்ப்புக்கே ஆதரவும் தெரிவித்தார்.

கேள்வி: வழக்குகள் டிரம்ப்பைப் பலவீனப்படுத்தும் என்று கணக்குப் போட்டது நியாயம்தானே?

பதில்: கணக்கு நியாயமானதே, விடைதான் தலைகீழாக வந்தது. 2023 மார்ச் இறுதியில் நியூயார்க்கில் குற்றச்சாட்டு பதிவானதும் தொண்டர்கள் தலைவரைச் சுற்றி அரண்போல் திரண்டனர். ஃபுளோரிடாவில் வசித்த டிரம்ப்பை நியூயார்க்கிடம் ஒப்படைக்குமாறு கோரினால் ஃபுளோரிடா ஒத்துழைக்காது என்று டிசாண்டிஸே அறிவிக்க வேண்டியதாயிற்று. எவரை வீழ்த்தப் போகிறோமோ அவருக்கே கேடயமாக நின்றபின், அவரைவிட நான் தகுதியானவன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கேள்வி: கட்சியின் மூத்தவர்கள் கூடித் தலைவரை மாற்றிவிட முடியாதா? பிரிட்டனில் அப்படி நடந்திருக்கிறதே.

பதில்: இந்த இடத்தில் விதிமுறைகளே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. 1990 நவம்பரில் பிரதமர் மார்கரெட் தாட்சரை அவர் கட்சியின் மைக்கேல் ஹெசல்டைன் எதிர்த்தபோது வாக்களித்தவர்கள் கட்சியின் எம்.பி.க்கள் மட்டுமே. 204-க்கு 152 என்று முன்னிலை பெற்றும், விதிப்படி தேவைப்பட்ட இடைவெளிக்கு நான்கு வாக்குகள் குறைந்ததால் தாட்சர் மறுசுற்றுக்குத் தள்ளப்பட்டு, இரண்டு நாளில் விலகலை அறிவித்தார். எதிர்த்தவருக்குப் பதவி கிடைக்கவில்லை. ஜான் மேஜர் பிரதமரானார். அமெரிக்காவிலோ பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தலில் இலட்சக்கணக்கான சாதாரண ஆதரவாளர்கள் வாக்களிக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் பலராகச் சிதறினால் முன்னணியில் இருப்பவருக்கே லாபம்: 2016-இல் தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்குகளோடு கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அம்மாநிலத்தின் 50 பிரதிநிதிகளையும் டிரம்ப் பெற்றார்.

கேள்வி: பொறுத்திருந்தால் 2028-இல் எளிதாகக் கிடைத்திருக்கும் என்பார்கள். உங்கள் கருத்து?

பதில்: பொறுத்திருப்பதற்கும் விலை உண்டு. நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியை 2011-இல் அதிபர் போட்டிக்குக் கட்சிக்காரர்கள் வற்புறுத்தி அழைத்தும், இது என் நேரமன்று என்று அவர் மறுத்தார். பாலத்துக்குச் செல்லும் சாலையை அவருடைய உதவியாளர்கள் அடைத்த விவகாரம் இடையில் அவர் ஆட்சியின் பெயரைக் கெடுத்தது. 2016-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஆறாம் இடம் பெற்று விலகினார். மறுபக்கம், 1976-இல் பதவியிலிருந்த அதிபர் ஜெரால்டு ஃபோர்டை உட்கட்சிப் போட்டியில் எதிர்த்து நூலிழையில் தோற்ற ரொனால்டு ரேகன்தான் 1980 அதிபர் தேர்தலில் வென்றார். ரேகன் வெளியுறவுக் கொள்கையில் தமக்குள்ள மாறுபாட்டை மேடைதோறும் சொன்னவர். அதனால் தோல்விக்குப் பின்னும் அவருக்கென ஓர் அணி மிஞ்சியது.

கேள்வி: டிரம்ப்பை வெளிப்படையாக எதிர்த்த, அதே கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் லிஸ் சேனி பதவியையே இழந்தாரே?

பதில்: ஆம். 2022 ஆகஸ்டில் வயோமிங் உட்கட்சித் தேர்தலில் 30 சதவீத வாக்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை. நான் சொல்லும் வழி பாதுகாப்பானது என்று ஒருபோதும் கூறமாட்டேன். சேனி இழப்பை அறிந்தே ஏற்றார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

கேள்வி: டிசாண்டிஸ் மீண்டும் நிற்கலாமா?

பதில்: தாராளமாக நிற்கலாம். அரசமைப்பின் 22-ஆம் திருத்தப்படி ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்பதால் டிரம்ப் எதிரில் இருக்க முடியாது. ஆனால் டிரம்ப்பின் வாக்காளர்கள் இருப்பார்கள். அவர்களிடம் மறுபடி போகும்போது, டிரம்ப்பிடமிருந்து தாம் எங்கே வேறுபடுகிறோம் என்பதை முதல் கூட்டத்திலேயே அவர் சொல்ல வேண்டும்.