தமிழ் வரி வந்ததும் நின்றுவிடும் லூப்

கேள்வி: உறுப்பினர் பெயர்கள் உள்ள கோப்பை, சி மொழியில் எஃப்கெட்டபிள்யூஎஸ் (அகல எழுத்துகளாக ஒரு வரியைப் படிக்கும் ஃபங்ஷன்) வைத்து வரிவரியாகப் படிக்கிறேன். ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக வருகின்றன. முதல் தமிழ்ப் பெயரிலேயே லூப் முடிந்துவிடுகிறது. லினக்ஸ் கணினி, யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) கோப்பு. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ‘த’ என்ற எழுத்து 224, 174, 164 என மூன்று பைட்டுகளாகக் கிடக்கிறது. அவற்றைச் சேர்த்து ஓர் எழுத்தாக்குவது எஃப்கெட்டபிள்யூஎஸ்ஸின் வேலை. எந்த முறைப்படி சேர்ப்பது என்பதை லொக்கேலை (மொழி, எழுத்து முறை ஆகியவற்றுக்கான அமைப்பு) பார்த்துத்தான் அது தெரிந்துகொள்ளும். கணினியில் எந்த மொழியை அமைத்திருந்தாலும், சி புரோகிராம் ‘சி’ என்ற அடிப்படை லொக்கேலில்தான் தொடங்கும். அதற்கு யுடிஎஃப்-8 தெரியாது. 224ஐப் பார்த்ததும் பிழை என்று ‘நல்’ (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) திருப்புகிறது. நீங்கள் கோப்பு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறீர்கள்.

மெயினின் முதல் வரியாக, கோப்பைத் திறப்பதற்கு முன்பே, இதை எழுதுங்கள்:

செட்லொக்கேல்(எல்சி_ஆல், "");

இது நல் திருப்புகிறதா என்றும் பாருங்கள். கிரானிலோ (குறித்த நேரத்தில் புரோகிராமை ஓட்டும் சேவை) டாக்கரிலோ (புரோகிராமைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் கருவி) ஓடும்போது, மொழி அமைப்பைச் சொல்லும் லேங் என்ற மாறி பெரும்பாலும் காலியாக இருக்கும். அப்போது இந்த வரி இருந்தும் பழைய ‘சி’யே தொடரும். அங்கே வெற்று மேற்கோளுக்குப் பதில் "சி.யுடிஎஃப்-8" என்று லொக்கேலின் பெயரையே கொடுத்துவிடுங்கள்.

லூப் முடிந்ததும், படிப்பதில் பிழை வந்ததா என்று எஃப்எரர் ஃபங்ஷனிடம் கேட்டுப் பார்க்கும் பழக்கம் அவசியம் வேண்டும். நல் வந்தாலே கோப்பு முடிந்தது என்று எடுத்துக்கொண்டால் பாதிப் பெயர்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். உறுப்பினர் பட்டியலில் அது சின்னத் தவறு இல்லை.

அப்புறம், எஃப்கெட்டபிள்யூஎஸ்ஸுக்குக் கொடுக்கும் அளவு பைட் கணக்கு அல்ல, அகல எழுத்துக் கணக்கு. லினக்ஸில் ஓர் அகல எழுத்து (டபிள்யூகார்_டி வகை) 4 பைட். பைட் அளவைத் தரும் சைஸ்ஆஃபை அப்படியே கொடுத்தால், 100 இடமுள்ள பஃபரில் (வரியை வைக்கும் நினைவக இடம்) 400 இருப்பதாகச் சொல்கிறீர்கள். நீண்ட வரி வந்தால் நினைவகம் சிதையும். அந்த அளவை பஃபரின் ஓர் இடத்தின் அளவால் வகுத்துக் கொடுங்கள்.

இதைச் சரிசெய்த பிறகு பலர் அடுத்து மாட்டிக்கொள்வது திரையில். ‘கோப்பு திறந்தது’ என்று பிரிண்ட்எஃப்பில் ஒரு வரி அச்சிட்டால், திரைக்குப் போகும் எஸ்டிடிஅவுட், பைட் வகை ஸ்ட்ரீமாகிவிடும். அதற்குப் பின், அகல எழுத்துகளை அச்சிடும் டபிள்யூபிரிண்ட்எஃப் எதையும் காட்டாது. எல்லாவற்றையும் டபிள்யூபிரிண்ட்எஃப்பிலேயே அச்சிடுங்கள். பெயருக்கு %எல்எஸ் போடுங்கள்.

பெயரின் நீளத்தை எண்ணத்தான் அகல எழுத்துக்கு மாறினீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ‘தமிழ்’ நம் கண்ணுக்கு 3 எழுத்து, கோப்பில் 15 பைட், அகல எழுத்துகளை எண்ணும் டபிள்யூசிஎஸ்லென் சொல்வதோ 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நான்காவதோடு வெட்டினால் ‘தமிழ’ என்று நிற்கும். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ண நீங்களே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுத வேண்டும். படித்ததை அப்படியே வேறு கோப்பில் எழுதுவது மட்டும்தான் வேலை என்றால், பைட்டுகளாகவே படிக்கும் சாதாரண எஃப்கெட்ஸ் போதும். லொக்கேலைத் தொடவே வேண்டாம்.