விற்றே ஆக வேண்டியவரிடம் விலை பேசுவது எப்படி?

கேள்வி: நான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். ஒரு வீட்டை வாங்குவதற்கு ஒப்பந்தம் செய்து, அந்த ஒப்பந்தத்தை முதலீட்டாளர் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துக் கட்டணம் பெறும் ஹோல்சேலிங் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கிறேன். அவசரமாக விற்க வேண்டிய நிலையில் இருக்கும் உரிமையாளர்கள்கூட, நான் விலையைச் சொன்னதும் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். பேரம் பேசுவதில் நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: முதலில் வரிசையை மாற்றுங்கள். விலைக்கு முன்னால், அவர் ஏன் விற்கிறார், எந்தத் தேதிக்குள் விற்றாக வேண்டும் என்ற இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவணை கட்ட முடியாமல் ஏலத்தை எதிர்நோக்குபவருக்கும், பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டைப் பங்கிட முடியாத உடன்பிறப்புகளுக்கும், வாடகைதாரரிடம் அலுத்துப்போனவருக்கும் ஒரே பேச்சு பொருந்தாது. டெக்சாஸில் கடன் ஏலங்கள் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடைபெறுகின்றன. அதற்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன்பே அறிவிப்பு வந்துவிடும். அந்த அறிவிப்பைக் கையில் வைத்திருப்பவர், கூடுதலாகச் சில ஆயிரம் டாலர் தருவதாகச் சொல்பவரைவிட, அந்தச் செவ்வாய்க்கு முன் கிரயத்தை உறுதியாக முடித்துத் தருபவரையே தேடுகிறார்.

கையெழுத்திட வேண்டியவர்கள் யார் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். உயில் எழுதப்படாத வீடென்றால் வாரிசுகள் அனைவரும், தம்பதியர் குடியிருக்கும் வீடென்றால் பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தாலும் இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் பேசி முடித்த விலை, மற்றவர் மறுத்ததும் பயனற்றுப் போகும்.

அடுத்தது விலை. பழுதுபார்த்த பின் வீடு என்ன விலைக்குப் போகும் என்பதில் 70 சதவீதத்தை எடுத்து, அதிலிருந்து பழுதுச் செலவையும் தங்கள் கட்டணத்தையும் கழிப்பது ஹோல்சேலர்களிடையே பரவலாக உள்ள கணக்கு. 2,00,000 டாலருக்கு விற்கக்கூடிய வீடு, 35,000 டாலர் பழுது, 10,000 டாலர் கட்டணம் என்றால், நீங்கள் தரக்கூடியது 95,000 டாலர். இந்தக் கணக்கை மறைத்துவிட்டு முடிவுத் தொகையை மட்டும் சொன்னால், கேட்பவருக்கு அது அவமதிப்பாகவே தோன்றும். மாறாக, அருகில் அண்மையில் விற்ற வீடுகளின் விலைகளையும், கூரைக்கு இவ்வளவு, குழாய்களுக்கு இவ்வளவு என்று பிரித்த செலவுப் பட்டியலையும் அவர் முன் வைத்து, எந்த எண் தவறென்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். சென்ற ஆண்டுதான் கூரை மாற்றினோம் என்று அவர் காட்டினால், விலையை உயர்த்த உங்களுக்கு நியாயமான காரணம் கிடைக்கிறது. காரணமின்றி, அவருடைய மௌனத்துக்கு அஞ்சித் தொகையை ஏற்றாதீர்கள். அந்த விலைக்கு எந்த முதலீட்டாளரும் வரமாட்டார். தொகை நகராதபோது கிரயத் தேதி, பதிவுச் செலவு, வேண்டாத பொருட்களை வீட்டிலேயே விட்டுச்செல்லும் வசதி போன்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம்.

நீங்களே குடியேறப் போவதுபோலப் பேசுவது கூடவே கூடாது. வீட்டுக்கு நீங்கள் உரிமையாளர் அல்லர், ஒப்பந்த உரிமை மட்டுமே உங்களிடம் உள்ளது என்பதை ஒப்பந்தத்தை வாங்க வருபவரிடம் தெரிவிக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. விற்பவரிடமும் அதே வெளிப்படைத்தன்மையைக் காட்டுங்கள். ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமைக்காக விற்பவருக்குத் தரும் ஆப்ஷன் தொகையைச் செலுத்தினால், குறிப்பிட்ட நாட்களுக்குள் நீங்கள் விலகிக்கொள்ளலாம். ஆனால் வீட்டை உயர்ந்த விலைக்குப் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசி நாளில் விலையைக் குறைக்க அந்த உரிமையைப் பயன்படுத்துவது கொடுமை. ஏலத் தேதி நெருங்கியவருக்கு வேறு ஆளைத் தேட நேரமே இருக்காது.

கேள்வி: உரிமையாளரின் கடன் பாக்கி, நான் தரக்கூடிய விலையைவிட அதிகமாக இருந்தால் என்ன செய்வது?
– அதே வாசகர்

பதில்: அங்கே பேரத்துக்கு இடமில்லை. கடன் கொடுத்தவர் குறைந்த தொகைக்குச் சம்மதித்தால் மட்டுமே விற்பனை நடக்கும். புதியவர் தனியாக இறங்க வேண்டிய வேலை அதுவன்று. உரிமம் பெற்ற முகவர் மூலம் சந்தை விலைக்கு விற்றுப் பார்க்கும்படியும், அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்கள் ஏலத்தைத் தவிர்க்கும் வழிகளைக் கட்டணமின்றி விளக்குகிறார்கள் என்றும் அவரிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.